அடுப்பை விட்டு எழுந்திருக்காத மன்னி

மாசி 24, வியாழன்

மன்னியை ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள். மூத்திரப் பாதையில் தொற்றிய கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தத்திலும் கலந்துவிட்டதாம். மூத்திரம் பிரிவதும் குறைந்துவிட்டதாம்.

திங்கட்கிழமை, பகவதிக்குத் தெருவிலேயே பொங்கல் வைக்கும் பொங்காலைக்குக் கரமனை ரோட்டோரம் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் அடுப்புக் கூட்டியிருந்தோம். வெயில், புகை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தள்ளிவிட்டாள்.

"வேண்டாண்டி. குடிச்சா போகணும்னு வரும். தீர்த்தம் தெளிக்க வரச்சே அடுப்பை விட்டுட்டு எங்க போறது?"

மத்தியானம் தாண்டித்தான் கோயிலிலிருந்து தெளிக்க வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி கேட்டைத் திறந்துவைத்து, பாத்ரூம் வேண்டுமென்றால் வரலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மன்னி அசையவில்லை.

அதற்கு முந்தின வாரமே எரிச்சல் இருந்திருக்கிறது. விரதம் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நேற்று குளிர்ஜுரத்தில் நடுங்கும்போதுதான் சொன்னாள்.

"அன்னே வந்திருந்தா வெறும் குளிகையில சுகமாயிருக்குமே" என்றார் டாக்டரம்மா. "தண்ணியும் குடிக்காம, அடக்கியும் வச்சா, பின்னே எந்து செய்யும்?"

வேண்டுதல் எனக்காக. என் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. யார் வேண்டிக்கொள்ளச் சொன்னது? எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகை வரமாட்டேன் என்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட 'தண்ணி குடிச்சியா' என்று மன்னியைக் கேட்காதவன் அண்ணா. இன்று சாயங்காலம் உள்ளே விட்ட கொஞ்ச நேரமும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் தொங்கும் மூத்திரப் பையையே குனிந்து குனிந்து பார்த்தான்.

"கொஞ்சமாவது வந்திருக்கா, சிஸ்டர்?"