‘இடையிசை’க்கு ஒரு வாசகி

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

அன்பு மருமகள் கவிப்ரியாவுக்கு,

இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முதல் நாளே தெரியும் பாப்பா. ரேடியோ வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக்கென்று தனியாக ஒரு பத்திரிகை தொடங்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்றே, ஒரு இதழோடு நின்றுவிடும் என்று உன் அத்தையிடம் சொன்னேன். வேண்டுமானால் அவளைக் கேட்டுப் பார். நீங்க எப்ப சொன்னீங்க என்பாள். நம்பாதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். உன் பத்திரிகையைப் படித்துவிட்டுக் கலெக்டர் ஆபீசிலிருந்தே என்னை விசாரித்தார்கள் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீ மாற்றிச் சொல்லிவிடாதே.

பஸ் ஸ்டாண்ட் ரஷீத் அஹமது பாய் கடையில் வைத்த நாற்பது பிரதிகளையும் நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாற்பதும் இருக்கிறது. முன்னால் தொங்கவிட்டதன் அட்டை மட்டும் வெயிலில் வெளுத்துவிட்டது. பாய் நல்ல மனுஷன். “புக்கு ஜோராத்தான் இருக்குது தோஸ்த், ஆனா ஒருத்தனும் தொடல. எனக்கே பேஜாரா இருக்குது” என்றார்.

பத்திரிகை தொடங்குவதற்கு முன்னால் நீ அனுப்பிய கேள்வித்தாள் விஷயத்துக்கு வருகிறேன். எட்டாவதோடு நின்றவன்தான் நான், ஆனால் அந்த வேலையை என்னைப் போலச் செய்ய ராணிப்பேட்டை வரைக்கும் ஆள் கிடையாது. எங்கள் ஷூ கம்பெனி தையல் செக்‌ஷனில் நூற்று நாற்பது பெண்களிடம் சாப்பாட்டு வேளையில் எழுதி வாங்கினேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாட்டு கேட்பீர்கள் என்ற கேள்விக்கு அத்தனை பேரும் எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். நீ போனில் துள்ளிக் குதித்தாய். எப்படி எட்டு மணி நேரம் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செக்‌ஷன் சுவரில் ஸ்பீக்கர் இருக்கிறது. ஷிஃப்ட் தொடங்கும்போது போட்டால் முடியும்போதுதான் நிறுத்துவார்கள். இரண்டு வருஷமாக ஒரே பென் டிரைவ். மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. பொய் சொல்லத் தெரியாத பெண்கள், அந்த மணி நேரத்தைத்தான் எண்ணி எழுதினார்கள்.

கடைசிக் கேள்வி, பத்திரிகை வந்தால் வாங்குவீர்களா என்பது. ஒருவரும் டிக் போடவில்லை. மஹ்பூபி என்று ஒரு வாயாடி, “அண்ணா, பாட்டுன்னா கேக்குறது. அதுல படிக்கிறதுக்கு இன்னா இருக்குது? வீட்டுக்குப் போனா சத்தமே வேணாம்னு கீது எங்களுக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதை உன்னிடம் சொன்னபோது நீ ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அப்போதுதான் சைராவைப் பற்றிச் சொன்னேன். ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள், பச்சைத் துப்பட்டா. பாட்டு ஓடும்போது மெஷினை நிறுத்திவிட்டு, “பாடுறவங்க பேரு எல்லாருக்கும் தெரியுது. நடுவுல புல்லாங்குழல் வாசிக்கிறவரு யாருண்ணா?” என்று கேட்டவள். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பத்திரிகைக்கு ‘இடையிசை’ என்று பெயர் வைத்தாய். பாடகர்கள் வேண்டாம், பின்னால் வாசிக்கிறவர்களைப் பற்றி மட்டும் எழுதுவோம் என்றாய். அவள் படத்தைக்கூட வரைந்து, துப்பட்டாவுக்குப் பச்சை அடித்து, மேஜைக்கு மேல் ஒட்டியிருக்கிறாய். ஒவ்வொரு பக்கத்தையும் இது சைராவுக்குப் பிடிக்குமா என்று யோசித்துத்தான் முடித்தாயாம்.

இப்போது உன் பழைய இடத்தை ரேடியோக்காரர்கள் மாதக் கடைசிவரை வைத்திருக்கிறார்கள், ஆனால் நீ வேண்டாம் என்று சொல்லப்போவதாக எழுதியிருக்கிறாய். ஒரு சைரா இருந்தால் ஆயிரம் சைரா இருப்பார்கள், இரண்டாவது இதழை அவளுக்காகவே போடுவேன் என்கிறாய். வெள்ளிக்கிழமை கம்பெனி கேட்டுக்கு வந்து அவளைப் பார்க்கப்போகிறாயாம்.

படித்ததும் ஒரு கதை தயார் செய்தேன். சைரா வேலையை விட்டுவிட்டாள், பேரணாம்பட்டில் கல்யாணம், மாப்பிள்ளை துபாய், பிரியாணியில் உப்பு ஜாஸ்தி. நன்றாகத்தான் வந்தது. ஆனால் நீ பேரணாம்பட்டுக்கும் போவாய்.

போனில் பேசினால் நடுவில் எதையாவது சேர்த்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கே ரேடியோக்காரர்களிடம் வருகிறேன் என்று சொல்லிவிடு தாயி. வெள்ளிக்கிழமை கேட்டுக்குப் போகாமல் நேராக நம் வீட்டுக்கு வா. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். என்னைத் திட்டிக்கொண்டாவது நன்றாக இரு.

சைரா என்று யாரும் இல்லை பாப்பா. நீ போனில் பேசாமல் இருந்தாயே, அந்தச் சமயத்தில் என் வாயில் வந்தவள். புல்லாங்குழல் வாசிக்கிறவர் யார் என்று அந்த நூற்று நாற்பது பேரில் ஒருத்தியும் கேட்கவில்லை.

உன் மாமா
லோகநாதன்