தம்பியின் பெயருக்கு நேரே ஒரு கட்டம்

மார்ச் 9, 2023, வியாழன்

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஹமானோ வந்தார். எங்கள் வட்டாரச் சங்கத்தின் தலைவர். சலவைக்குப் போட கையில் துணி எதுவும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வட்டார நலப் பொறுப்பாளராக என் பெயரைப் போன மாதம் அவர்தான் அனுப்பி வைத்தார். தனியாக இருக்கும் வயதானவர்களைப் போய்ப் பார்த்து வரும் வேலை. சம்பளம் கிடையாது. பதினைந்து வருடமாக நான் சும்மாவே செய்துகொண்டிருப்பதுதான்.

"குரோகாவா அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பொறுப்புக்கு ஓட்டுரிமை வேணுமாம். வாக்காளர் பட்டியல்ல உங்க பேரே இல்லைங்கிறாங்க. தேடத் தெரியாத பசங்க. நான் போய் ஒரு சத்தம் போட்டுட்டு வரட்டுமா?"

"இருக்காது. நான் கொரியா பாஸ்போர்ட்."

வாயைத் திறந்தவர் மூடவில்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கம். கடைப் பலகையில் குரோகாவா, அஞ்சல் பெட்டியில் குரோகாவா, எங்கள் குடும்பத்துக்கு அப்பா வைத்த ஜப்பானியப் பெயர். ஹியோன் ஓக்-சுன் என்று ஒருத்தி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. ஒசாகாவில் பிறந்து இங்கேயே அறுபத்து நான்கு வயதாகிவிட்டது. ஜப்பானில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. நிரந்தர வசிப்பு அட்டை இருக்கிறது. எப்போதும் பைக்குள்தான் இருக்கும்.

"அட, மாத்திக்க முடியாதா அதை?" என்றார். சட்டையில் பொத்தான் மாற்றுகிற மாதிரி.

நானும் "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்பா இருந்திருந்தால் செருப்பைத் தூக்கியிருப்பார்.

மார்ச் 14, செவ்வாய்

குடியுரிமை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். ஏப்ரல் பன்னிரண்டுக்கு வரச் சொன்னார்கள். மூன்று முறை எண்ணைப் போட்டுப் போட்டு வைத்துவிட்டு, நான்காவது முறைதான் பேசினேன்.

ஏப்ரல் 12, புதன்

அதிகாரி பெயர் ஓகிதா. என் மகள் மிஹோவின் வயதுதான் இருக்கும். மரியாதையான பையன். பட்டியல் ஒன்று கொடுத்தான். பிறப்புப் பதிவு, வரிச் சான்று, செத்துப்போன என் கணவரின் தாள்கள், வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வழியின் வரைபடம். வரைபடம் எதற்கு? மாடிப்படி இறங்கினால் கடை.

எல்லாம் செய்துவிடலாம். கடைசித் தாளை மட்டும் இரண்டு முறை படித்தேன். உறவினர் படிவம். கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவரின் பெயர், வயது, முகவரி. நேரே சின்னச் சின்னக் கட்டங்கள். தொடர்பு: உண்டு, இல்லை. உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி அவர் கருத்து: சம்மதம், எதிர்ப்பு, எதுவும் இல்லை.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேரும்மா?"

"ஒரே தம்பி."

"அப்ப சுலபம்" என்றான்.

ஏப்ரல் 20, வியாழன்

கொரியத் தூதரகத்தில் அப்பாவின் குடும்பப் பதிவு வாங்கினேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது. பிள்ளைகள் இரண்டு: ஓக்-சுன், யோங்-சு. தம்பி ஜப்பான்காரனாகி முப்பது வருடம் ஆகிறது. யாரும் தகவல் சொல்லவில்லை போல, அங்கே அவன் பெயர் அப்படியே இருக்கிறது. எந்த அரசாங்கமும் அவன் பெயரைக் கோடு போட்டு அடிக்கவில்லை. நான்தான்.

ஏப்ரல் 29, சனி

மிஹோ நகோயாவிலிருந்து பேசினாள். "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கட்டத்தை நிரப்பும்மா. இதுல என்ன இருக்கு?"

இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன். யாருக்குமே சொன்னதில்லை.

மே 3, புதன், விடுமுறை

கடை மூடியிருக்கிறது. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டுக்காவது தெரியட்டும்.

அம்மா போனபோது எனக்குப் பதினாறு, யோங்-சுவுக்குப் பதினொன்று. பள்ளியை விட்டுவிட்டு தையல் பட்டறைக்குப் போனேன். அவன் சாப்பாட்டுப் பெட்டி, அவன் சீருடை, அவன் காய்ச்சல் எல்லாம் என் கையில்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தீயணைப்பு வண்டிப் பைத்தியம். வளர்ந்த பிறகும் அது தெளியவில்லை. ஆனால் அந்த வேலைக்கு ஜப்பானியக் குடியுரிமை வேண்டும். அப்பா இருக்கும் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் எடுக்க முடியாது.

1991, செப்டம்பர். யோங்-சுவுக்கு இருபத்தேழு. தனியாக அறை எடுத்திருந்தான். ஒரு மதியம், அப்பாவும் எங்களோடு இருந்த வீட்டுக்கு ஃபோன் வந்தது. நான் எடுத்தேன். குடியுரிமை அலுவலகம். "உங்க தம்பி விண்ணப்பம் குடுத்திருக்கார். அக்கா சம்மதம்னு போட்டிருக்கார். சரிதானே?"

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அவன். ஒரு வார்த்தை! யார்கிட்ட மறைக்கறான் இவன்? பதினாறு வருஷம் சோறு ஆக்கிப் போட்டவகிட்டயா? அந்த ஆத்திரத்தில் சொன்னேன்: "எனக்குத் தம்பின்னு யாரும் கிடையாது."

வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அரை நிமிடம் இருக்குமா?

அவன் தாள்களில் பொய் இருப்பதாகச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கொடுத்து அனுமதி வந்தபோது தீயணைப்புத் தேர்வுக்கு வயது தாண்டிவிட்டது. இப்போது கட்டடம் கட்டடமாகப் போய்த் தீயணைப்புக் குப்பிகளைச் சோதிக்கிற நிறுவனத்தில் வேலை பார்க்கிறான்.

இதுவும் முழுசு இல்லை. மிச்சத்தையும் எழுது.

தாள்கள் திரும்பி வந்த அன்று யோங்-சு வீட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "வீட்டுலருந்து யாரோ நான் இல்லவே இல்லைன்னு சொல்லியிருக்காங்க. யாரு ஃபோனை எடுத்தது?"

அப்பா செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன்: "அப்பா."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் தாளைத் திருப்பினார். இல்லை என்று சொல்லவில்லை. யோங்-சு போய்விட்டான். அப்பாவோடு அவன் பேசியது அதுதான் கடைசி. மூன்று வருடம் கழித்து அப்பா இறந்தார். சாவுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றான், ஊதுபத்தி வைத்தான், போய்விட்டான்.

ஏன் மறுக்கவில்லை என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "நான் எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். விடு" என்றார். அதைப் பிடித்துக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். ஆனால் எடுத்தது அவர் இல்லையே.

மே 16, செவ்வாய்

யோங்-சுவின் மனைவி யோஷிமி வருடம் தவறாமல் புத்தாண்டு அட்டை போடுகிறாள். நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. ஆனால் ஒன்றையும் எறிந்ததும் இல்லை. அதில் ஃபோன் எண் இருக்கிறது.

செய்தேன். அவனே எடுத்தான். "ஹலோ, குரோகாவா." குரல் அப்பாவின் குரலாகிவிட்டது. தவறான எண் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வெட்கங்கெட்டவள்.

மே 17, புதன்

தொடர்பு: இல்லை. கருத்து: எதுவும் இல்லை. குறி போட்டாயிற்று. 'உண்டு' என்று போட்டால் அவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், பழையது கிளம்பும். ஃபோன் எண்ணை மட்டும் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் தெரியாது.

ஜூன் 8, வியாழன்

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ஓகிதா கட்டத்தைப் பார்த்தான். "தொடர்பு இல்லைன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகாதும்மா. எத்தனையோ வீட்டுல அப்படித்தான்" என்றான். அவன் ஆறுதலுக்குச் சொன்னது. வரும் வழியில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.

ஆகஸ்ட் 2, புதன்

வெயில் தாங்கவில்லை. ஹமானோ தர்பூசணி கொண்டுவந்தார். "எங்க ஆளு ஆயாச்சா, இன்னும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். கோபம் வரவில்லை. பாவம், முப்பத்தைந்து வருடமாக அவரை ஏமாற்றியது நான்தானே.

செப்டம்பர் 13, புதன்

நேர்காணல். சின்ன அறை, ஒரு மேசை. கல்யாணம், கடை, வரி என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஓகிதா அந்தத் தாளை எடுத்தான்.

"தம்பிக்கு ஃபோன் பண்ணேன். நீங்க 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. அவர் 'உண்டு'ங்கிறார். வருஷா வருஷம் அட்டை போடறோம், அக்கா பதில் போடாட்டி என்ன, என்னைத் தூக்கி வளர்த்தவங்க அவங்கதான், எனக்கு முழுச் சம்மதம்னார். இதுல எதும்மா சரி?"

1991இலும் ஓர் அதிகாரி இதைத்தான் கேட்டார்.

"அவன் சொன்னது" என்றேன்.

"அப்ப நீங்களே திருத்திடுங்க." பழைய குறியின் மேல் இரண்டு கோடு போட்டு, என் பெயர் முத்திரையைக் குத்தி, 'உண்டு' கட்டத்தில் குறி வைத்தேன். முத்திரை கோணலாக விழுந்தது.

செப்டம்பர் 17, ஞாயிறு

யோங்-சு கூப்பிட்டான். அவனாகவே.

"அக்கா! நீங்களுமா? அப்பா கேட்டா எழுந்திரிச்சு வந்துடுவாரு!" சிரித்தான். இருபத்தேழு வயதில் சிரித்த அதே சிரிப்பு. அடுத்த ஞாயிறு தகாட்சுகியில் உள்ள தன் வீட்டுக்கு வரச் சொன்னான். "யோஷிமி இப்பவே என்ன சமைக்கறதுன்னு ஆரம்பிச்சுட்டா."

கடைசியில் சொன்னான்: "அன்னிக்கு ஃபோனை நீங்க எடுத்திருந்தா என் வாழ்க்கையே வேற மாதிரி இருந்திருக்கும் அக்கா. கெழவன் கெடுத்துட்டான்."

நான் "ம்" என்றேன். "ம்" என்று சொன்னேன்!

செப்டம்பர் 20, புதன்

சொல்லாமல் விட்டால் என்ன? அவன் சந்தோஷமாக இருக்கிறான். எனக்கும் தம்பி கிடைத்துவிட்டான். இன்னும் பத்துப் பதினைந்து வருடம், புத்தாண்டுக்குப் போய் வரலாம், அவன் பிள்ளைகளைப் பார்க்கலாம். செத்தவருக்கு இனி என்ன வலிக்கப் போகிறது?

ஆனால் "கெழவன்" என்கிறானே. ஒவ்வொரு முறையும் சொல்வான். நான் ஒவ்வொரு முறையும் "ம்" என்பேனா?

செப்டம்பர் 24, ஞாயிறு

முட்டையில் தோய்த்துப் பொரித்த மீன் கொண்டுபோனேன். யோங்-சு ரயில் நிலையத்துக்கே வந்திருந்தான். முன்தலை வழுக்கை. என் பையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டான். யோஷிமி வாசலிலேயே "வாங்க அண்ணி, முப்பது வருஷமா உங்களுக்காக எடுத்து வச்ச தட்டு இன்னிக்குத்தான் வெளிய வருது" என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல பெண். சாப்பிட்டோம். மீனில் ஒன்பது துண்டு அவனே தின்றான்.

தேநீர் வந்தது. தொலைக்காட்சியில் சுமோ மல்யுத்தப் போட்டியின் கடைசி நாள். இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தெரிந்தது.

"யோங்-சு, அந்த ஃபோனை எடுத்தது அப்பா இல்லடா. நான்."

அவன் தொலைக்காட்சியை அணைத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆத்திரத்தில் சொன்னதையும், பிறகு பயந்துபோய் அப்பாவைக் காட்டியதையும், அவர் தாளைத் திருப்பியதையும். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"வேலை போச்சு, அது போகட்டும். ஆஸ்பத்திரியிலருந்து அப்பா ஆள் அனுப்பினாரு அக்கா. ரெண்டு தடவை. நான் போகல."

எனக்கு அது தெரியாது. இன்றுவரை தெரியாது.

யோஷிமி அவன் கையைத் தொடப் போனாள். அவன் நகர்த்திக்கொண்டான். பிறகு என்னிடம் கேட்டான்: "அந்தத் தாள்ல இப்ப என்ன இருக்கு?"

"உண்டுன்னு மாத்திட்டேன்."

"அப்படியே இருக்கட்டும். மறுபடி ஃபோன் வந்தாலும் உண்டுன்னுதான் சொல்வேன். உங்க காரியம் என்னால கெடாது." தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான். "வீட்டுக்கு மட்டும் வராதீங்க அக்கா."

நிலையம் வரை யோஷிமி மட்டும் வந்தாள். ரயில் கிளம்பும்வரை நின்றிருந்தாள்.

விண்ணப்பத்தின் முடிவு வர இன்னும் பல மாதம் ஆகும் என்று ஓகிதா சொல்லியிருக்கிறான். வரும். தாளில் குறை ஒன்றும் இல்லை. தாளில் எனக்குத் தம்பி இருக்கிறான். இன்று மதியம் மூன்று மணி வரை தாளுக்கு வெளியேயும் இருந்தான்.