தையல் போட்ட வாயும் கோயில் சங்கும்

குளுவாங்

அன்பு மகள் ஷர்மினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் வாயிலுள்ள தையல்களும் சௌக்கியம். கிளாஸ்கோ குளிரில் நீ நலமாயிருக்க முனீஸ்வரர் துணை. போன் இருக்கக் கடிதம் ஏன் என்பாய். உன்னோடு பேசினால் சிரிப்பேன், சிரித்தால் தையல் பிரியும் என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

போன மாதம் மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன் அல்லவா, மறுநாள் கடையில் கோப்பி குடித்தால் அது மூக்கு வழியாக வருகிறது. என் சங்குமேல் எப்போதும் கண் வைத்திருக்கும் நம் குணாளன் எதிரே உட்கார்ந்திருந்தான், ஊருக்கே சொல்லிவிட்டான். பல் இருந்த இடத்திலிருந்து சைனஸ் வரை ஓட்டையாம், தானாக மூடவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கன்னத்துச் சதையை இழுத்து மூடித் தைத்துவிட்டார். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது, வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும், எதையும் ஊதவே கூடாது, பிரிந்தால் மறுபடி கத்திதான் என்றார். ஊதாமல் எப்படியம்மா? தைத்த ஒன்பதாம் நாள் கோயில் தேர். முப்பது வருடமாகத் தேருக்குச் சங்கு ஊதுகிறவன் நான். தையல் போனாலும் போகட்டும், குணாளன் கைக்குச் சங்கு போகக்கூடாது என்று சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போனேன். தேர் அசையும் நேரம் உதட்டில் வைத்தேன், எங்கிருந்துதான் வந்தாளோ உன் அம்மா, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து பிடுங்கி, "உங்களுக்கு நீங்களே சங்கு ஊதிக்கப் போறீங்களா?" என்றாள். குணாளன் ஆசையாகக் கையை நீட்டினான். அவனை ஒரு முறை முறைத்துவிட்டுத் தானே ஊதினாள். முதலில் எருமை இருமுவதுபோல் ஒரு சத்தம். "அலமாக், வேணாம்லா அக்கா!" என்று பதறினான் குணாளன். நான் சிரிக்காமலிருக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். இரண்டாம் தடவை ஊதினாள் பார், மார்க்கெட் வரைக்கும் கேட்டதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையும் பொறாமையும் ஒன்றாக வந்தன, ஒளிப்பானேன்.

தையல் நன்றாக ஆறுகிறது, கொஞ்ச நாள் போனால் ஊதலாம் என்று டாக்டரம்மா நேற்றுச் சொன்னார். ஆனால் கோயில் தலைவர் அடுத்த வருடமும் அம்மாவே ஊதட்டும் என்கிறார். இவளும் சங்கைத் தன் அலமாரியில் பூட்டிவிட்டாள், காலையில் குளியலறைக்குள் ஊதிப் பழகுவது வேறு நடக்கிறது. கேட்டால், "வாயத் தொறக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். எனக்காக ஒரு வார்த்தை பேசம்மா.

நேரத்துக்குச் சாப்பிடு, பல் வலித்தால் என்னைப்போல் தள்ளிப்போடாதே. நோய்நொடியில்லாமல் நூறு வயது இரு. ஒன்று மறக்காதே, அம்மா என்னைவிட நன்றாக ஊதினாள் என்று நான் ஒப்புக்கொண்டதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. சொன்னால் சங்கு திரும்பி வராது.

வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்
உன் அப்பா
கமலநாதன்