தாழ்ப்பாள் போட்ட ஞாயிறு

உப்பளம், புதுச்சேரி.
அக்டோபர் மாதம், மழை வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு திங்கட்கிழமை.

மடகாஸ்கரில் மரவள்ளியும் மிஷனரிப் பணியுமாக வாழும் என் அன்பு அண்ணன் பிரேம்குமாருக்கு,

உப்பளத்திலிருந்து உப்பு சற்றுத் தூக்கலாகவே தங்கை அமுதவல்லி சொல்லும் ஸ்தோத்திரம். நானும் அப்பாவும் நலம். அம்மாவும் நலம் என்று அம்மாவே சொல்கிறாள். சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். சாட்சிக் கையெழுத்து மட்டும் கேட்காதே.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். ஃபோனில் சொன்னால் பாதியில் புகுந்து எனக்கே பிரசங்கம் பண்ணுவாய். காகிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது. இதை முடிக்கும்வரை நான்தான் பாஸ்டர், நீ சபை. உட்கார்.

முதலில் உன் விஷயம். போன வாரம் நீ அனுப்பிய செய்தியை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது, நான் ஒரு வாரம் இல்லை என்றால் இங்கே சபை படுத்துவிடும் என்று எழுதியிருந்தாய். அம்மா, "ஊழியம்னா அப்பிடித்தாண்டி" என்றாள். பிறகு மாடியில் வெயிலில் போட்டிருந்த உன் தலையணையை எடுத்துவந்து பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

அதனால்தான் நேற்று நடந்ததை உனக்கு உடனே சொல்லியாக வேண்டும்.

இப்போது நம் மிஷனரிப் பயிற்சி இல்லத்தில் இருப்பவர் நாகராஜ் அண்ணன், திண்டிவனம் பக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்ற நாட்டுக்கு ஊழியத்துக்குப் போக வேண்டியவர். பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும் என்றுதானே அப்பா இல்லத்தையே இந்த ஊரில் வைத்தார். இவரும் பால்காரருக்கே "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். பால்காரர் முதல் நாள், "யாருக்குப்பா ஜுரம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பயிற்சியில் கடைசி மூன்று மாதம் எப்படி என்று உனக்குத் தெரியும், நீயும் மாட்டியவன்தானே. சபை முழுக்கப் பயிற்சிக்கு வந்தவர் கையில். பாஸ்டரான அப்பா செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடைசிப் பாயில் உட்கார வேண்டும். ஞாயிறு காலை எழுந்ததிலிருந்து ஆராதனை முடியும்வரை மூச்சு விடலாம், பேச்சு விடக்கூடாது. பிரசங்கம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அதற்கு மார்க் கிடையாது. "உள்ளூர் ஜனங்க எழுந்து நின்னா நீ பாஸு, நீயே நின்னுக்கினு இருந்தா ஃபெயிலு" என்று அப்பா சொல்வது இந்தச் சுவர்களுக்கே மனப்பாடம்.

நாகராஜ் அண்ணனுக்கும் மனப்பாடம். ஆனால் மனுஷர் உட்காரவே மாட்டார்! பாய் விரிப்பது அவர், பாட்டு அவர், கீபோர்டு அவர், வேதம் வாசிப்பது அவர், பிரசங்கம் அவர், மதியச் சாம்பாருக்குத் தாளிப்பதும் அவர். சபைக்குக் கொண்டாட்டம். வம்பாக்கீரப்பாளையத்திலிருந்து மீன் கூடையைக் கழுவி வைத்துவிட்டு வரும் பாக்கியலட்சுமி அக்கா, "தம்பி இருக்கசொல்ல நமக்கு இன்னா வேல?" என்று சுவரில் சாய்ந்துவிடுவார். ஆட்டோ ஓட்டும் ராஜா அண்ணனோ ஆமென் சொல்வதைக்கூட அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அம்மா மட்டும் அவருக்கு ஒரு வேலையைத் தரவில்லை. பரணில் இருக்கும், நீ இருந்தவரை நீயே கட்டிய நம் பெரிய காகித நட்சத்திரத்தை இப்போதே இறக்கித் துடைத்து, டிசம்பருக்கு மாடியில் கட்ட ரெடி பண்ணட்டுமா என்று கேட்டார். "அத மட்டும் விட்ரு தம்பி" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நீ கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை அப்பா அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. என் காது அங்கேதான் இருந்தது, அது என் தப்பா? "தங்கமான பையன்தான். ஆனா அனுப்ப முடியாது. அங்க போயும் எல்லாத்தையும் இவனே செய்வான். இவன் கெளம்பின மறுநாள் சபைக்குப் பூட்டுதான்" என்றார். ஆக, டோகோ 'போகாதே' ஆகிவிட்டது. பாவம், அவர் அறையில் பெட்டியே தயாராக இருக்கிறது அண்ணா. கம்பளி ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டார், ஆப்பிரிக்காவுக்கு!

நேற்றுக் காலை, வழக்கம்போல ஆராதனைக்கு முன் தனியாக ஜெபிக்க மொட்டைமாடிக்குப் போனார். ஃபோனைக் கீபோர்டு மேல் வைத்துவிட்டுத்தான் போவார். ஆண்டவர் எனக்கு இரண்டு கைகளைக் கொடுத்திருக்கிறார். மாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் கொடுத்திருக்கிறார். மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள்.

ஆராதனை நேரம் வந்தது. எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. முன்னால் கீபோர்டு இருக்கிறது, ஃபோன் இருக்கிறது, ஆள் இல்லை. மேலே டொம் டொம் என்று சத்தம். ராஜா அண்ணன் அண்ணாந்து பார்த்து, "மாடில கொரங்கு பூந்துட்ச்சி" என்றார். நான் மிகுந்த பக்தியோடு கண்களை மூடிக்கொண்டேன்.

கூட்டம் மொத்தமும் திரும்பி அப்பாவைப் பார்த்தது. அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். பேச முடியாதே! கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் செருப்பையே தேட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளையாட்டுக்குச் செய்தது வினையாகி, சபை கலைந்தால் நாகராஜ் அண்ணன் கதை முடிந்தது. ஓடிப்போய்த் திறந்துவிடலாம் என்று பாதி எழுந்தும்விட்டேன்.

எனக்கு முன்னால் பாக்கியலட்சுமி அக்கா எழுந்துவிட்டார். "இன்னாப்பா இது? தம்பி வரலன்னா ஆண்டவரும் வெளிய நிக்கிறாரா? செருப்ப உட்டுட்டு உள்ள வா. பாடுங்க எல்லாரும்!"

மீன் விற்ற குரல் அண்ணா! கடற்கரை ரோட்டில் போகிறவனையும் நிற்கவைக்கும் குரல். கீபோர்டு இல்லை, சுருதி ஆளுக்கு ஒன்று, தாளம் தெருவுக்கு ஒன்று. ஆனால் ஃபேன் சத்தத்தைத் தாண்டிச் சபை பாடியதை நான் நேற்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ராஜா அண்ணன் விரல் வைத்து, வார்த்தை வார்த்தையாக வேதம் வாசித்தார். பிரசங்கத்துக்கு ஆள் இல்லை. அக்கா கூட்டத்தைப் பார்த்து, "புரிஞ்சவங்க சொல்லுங்க, புரியாதவங்க கேளுங்க" என்றார்.

முதலில் பேசியதும் ராஜா அண்ணன்தான்! கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குச் சவாரி ஏற்றும்போதெல்லாம், பின்னால் அழுதுகொண்டு வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்து மனசுக்குள் ஜெபம் பண்ணுவாராம். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லையாம். எப்படிச் சொல்வார்? இங்கே பேசத்தான் எப்போதும் ஆள் இருந்தது, கேட்க ஏது?

கடைசியில் அக்கா ஜெபித்தார். "எங்க நாகராசு தம்பி எங்க மாட்டிக்கினு கீதோ, பத்திரமா கொண்டாந்து சேருங்க ஆண்டவரே" என்று அவர் உருகியபோது, சிரிப்பை அடக்க நான் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன். மேலே சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். கன்னத்தையும் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண் சிவந்து. திட்டுங்கண்ணா என்றேன். "தட்றத நானேதான் நிறுத்திட்டேன் அமுதா. எறங்கி வந்தா கெடுத்துடுவனோன்னு பயமா இருந்துச்சி" என்றார்.

கீழே வந்து நேராகக் கடைசிப் பாயில், அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாம்பாரை யாரோ தாளித்தார்கள். உப்பு அதிகம், யாரும் குறை சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததால் அப்பா வாயைத் திறந்தார். நாகராஜ் அண்ணனிடம், "டிக்கெட் போடச் சொல்லிடறேன்" என்றார். என்னிடம் திரும்பி, "நீ தாழ்ப்பாள் போட்டத நான் படியில நின்னு பாத்தேன். பேசக் கூடாதேன்னு உட்டேன்" என்றார். தண்டனை, சபைப் பாய்களை எல்லாம் நானே துவைத்துக் காயப்போட வேண்டும். இந்தக் காகிதத்தில் சோப்பு வாசனை வந்தால் காரணம் அதுதான்.

அண்ணா, உன் சபையிலும் ஒரு பாக்கியலட்சுமி அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். மடகாஸ்கரில் அவருக்கு என்ன பெயரோ. நீ எழுந்து நின்றுகொண்டே இருப்பதால் அவர் உனக்குத் தெரியவில்லை. அங்கே தாழ்ப்பாள் போட ஒரு தங்கை இல்லை, அதுதான் உன் கஷ்டம். ஆகவே நீயாகவே ஒரு ஞாயிறு காணாமல் போய்விடு. முதலில் பயமாகத்தான் இருக்கும். தட்டாதே.

எங்கே போய்க் காணாமல் போவது என்று யோசிக்கிறாயா? கடைசிப் பாயில் அப்பாவுக்கு இடது பக்கம் இடம் இருக்கிறது. பாயும் இப்போது சுத்தமாக இருக்கிறது.

இதை எழுதும்போது அம்மா வந்து, "யாருக்குடி எழுதற?" என்றாள். உனக்குத்தான் என்றேன். நேராக மாடிக்குப் போனாள். எட்டிப் பார்த்தால், உன் தலையணை மறுபடியும் வெயிலில் கிடக்கிறது.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். உன் சபையை உன்னிடமிருந்தும் காக்கட்டும். நட்சத்திரம் பரணில்தான் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. மாடிக் கதவை நான் திறந்தே வைத்திருக்கிறேன், வா.

என்றும் உன் வாலுத் தங்கை,
அமுதவல்லி