திட்டையூர்ச் சேவல் வாத்தின் வாய்ப்பட்டை அவிழ்க்க விடுத்த ஓலை

நெடுந்துறை நாடாளும் குவளைமுடிப் பெருமன்னரின் ஆணை பெற்று, நீரவை அமைச்சன் காரிநம்பி, கீழ்க்கரை காக்கும் தண்டநாயகர் பொற்கண்டர்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைந்திருக்க. மதகுகள் பழுதின்றி இருக்க. தங்கள் இல்லத்தார் நோய்நொடியின்றி இருக்க. தாங்கள் சென்ற திங்கள் விடுத்த ஓலை கைக்கு வந்தது. அது மறுபடியும் வாத்துகளைப் பற்றியது என்று கண்டதும், பிரித்ததைச் சுருட்டிச் சற்று நேரம் அப்பால் வைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு முழுவதும் படித்தோம். படித்தபின் திட்டையூருக்குப் புறப்பட்டும் வந்தோம்.

மேலாற்று நாட்டாரோடு நாம் இட்ட சண்டை, இரு தரப்பிலும் இறந்தவர்களை எண்ண ஆளில்லாத நிலையில்தான் நின்றது. ஆற்றுநீரைப் பகிரும் உடன்படிக்கை எழுதப்பட்ட நாளில் அந்நாட்டு மன்னர் தம் அரண்மனை வாத்துகளைப் பரிசாக அனுப்பினார். அவற்றைத் திட்டையூர் ஏரிக்கரைக் குடிகளுக்கு வீட்டுக்கொரு சோடியாகக் கொடுத்தோம். இனம் கலவாமல் வளர்க்கும் வீட்டுக்கு அதன் தோட்டம் வரியின்றி உரிமை. பேணத் தவறினால் தோட்டம் போகும், குடும்பமும் கரை விட்டுப் போகவேண்டும். ஆண்டுக்கொருமுறை மேலாற்றுத் தூதர் வந்து பார்ப்பார். வாத்துகள் நலமாயிருந்தால் உடன்படிக்கையும் நலம் என்று எண்ணித் திரும்புவார். இந்த ஏற்பாட்டை எழுதியவர்களில் யாமும் ஒருவர். அன்று அது எளிதாகத் தோன்றியது.

தங்கள் ஓலையின் பொருள் இது. வழக்கமாகத் தைத் திங்களில் வரும் தூதர் இவ்வாண்டு ஆனி முடிவிலேயே வருகிறார். அதனால் கண்காணி சேந்தனார் முன்கூட்டியே வாத்துகளைப் பார்வையிட்டார். மற்ற எல்லா வீடுகளிலும் சேவல்களின் தலை பச்சையாய் ஒளிர, கோதைச்சாத்தி என்னும் கைம்பெண் வீட்டில் மட்டும் இரண்டும் பழுப்பாய் இருந்தன. இரண்டின் சிறகிலும் நீலப்பட்டை உண்டு. எனவே இனம் சரியே, ஆனால் இரண்டும் பேடு. சேவலை அவள் விற்றாள் அல்லது தின்றாள், யாரிடமோ பேடு வாங்கி எண்ணிக்கையை நிரப்பினாள் என்று முடிவுகட்டி, தோட்டத்தை எடுத்துக்கொண்டு, வரும் முழுநிலவுக்குள் அவள் தன் இரு பெண்மக்களோடு ஆறு கடக்கவேண்டும் எனத் தாங்கள் தீர்ப்பிட்டீர்கள்.

அவள் ஆறு கடக்கவில்லை. தலைநகர் வந்து அவை வாயிலில் உட்கார்ந்திருந்தாள். என்ன குறை என்று வாயிற்காவலர் வினவ, எழுந்து நில்லாமலேயே அவள் சொன்னதைச் சொன்னபடியே இங்கு பொறிக்கிறோம்: “ஐயா, அது சேவலுதான். வாயைக் கட்டிப்போட்டு நீ யாருன்னு கேட்டா அது என்னத்தச் சொல்லும்?”

இந்தச் சொல்தான் எம்மைத் திட்டையூருக்கு இழுத்து வந்தது. பரிசுப் பொருள்களைப் பார்வையிடும்போது மன்னரின் பட்டங்கள் படிக்கப்படும். அவ்வேளையில் எவ்வுயிரும் குரலெழுப்பலாகாது என்பது நம் வழக்கம். யானைக்கும் குதிரைக்கும் பாகன் உண்டு. வாத்துக்கு இல்லாமையால், அதன் அலகைச் செம்பட்டால் சுற்றிக் கட்டுகிறோம். கண்காணி வருவதற்கு முன்னேயே கட்டி, அவர் போன பின்பே அவிழ்ப்பார்கள். தைத் திங்களில் இதனால் கேடில்லை. அப்போது சேவலின் தலை பச்சை, கழுத்தில் வெள்ளை வளையம், வாலில் சுருண்ட இறகு. குருடரல்லாத எவரும் சொல்வார்.

ஆனால் முட்டைப் பருவம் ஓய்ந்தபின் சேவல் தன் நிறமெல்லாம் உதிர்த்துவிடுகிறது. பச்சை போகும், வளையம் போகும், வாற்சுருளும் போகும். சில திங்கள் பேட்டைப் போலவே பழுப்பாய்த் திரிந்து, பிறகு பழைய கோலம் கொள்ளும். அந்நாட்களில் அடையாளம் சொல்ல எஞ்சியவை இரண்டே. சேவலின் அலகு பச்சை கலந்த மஞ்சள், பேட்டின் அலகு கருமை படிந்த செம்பழுப்பு. பேடு ஊர் கேட்கக் கத்தும், சேவலுக்குத் தொண்டை கட்டியவர் பேசுவது போன்ற கரகரப்பு. அந்த இரண்டையும் நாம் பட்டால் மூடிவிட்டுத்தான் பார்வையிட்டோம்.

மற்ற வீட்டுச் சேவல்களின் தலை எப்படிப் பச்சையாய் ஒளிர்ந்தது என்று தாங்கள் கேட்கக்கூடும். யாமும் கேட்டோம். அப்போது சாத்தியின் பக்கத்து வீட்டுச் சேவல் குட்டையில் தலை முக்கி எழுந்தது. தூதருக்காக மறுபடி பூசிய அவுரி நீலமும் மஞ்சளும் நீரில் கரைந்து எம் காலடி வரை வந்தன. வீட்டுக்காரன் பொதுமன் அதைப் பார்த்தான், எம்மையும் பார்த்தான். “கண்காணி பச்சை கேட்டாரு, குடுத்தோம். போன தடவ இவ்வளவு பளபளப்பு இல்லேன்னு பாராட்டிட்டுப் போனாரு” என்றான். சாயம் பூசச் சொல்லி ஊரார் சாத்தியிடமும் போனார்களாம். நல்ல சேவலுக்கு வேஷம் எதற்கு என்று அவள் விரட்டிவிட்டாள். இதை அவளைக் கேலி செய்வதற்காகவே அவன் சொன்னான். சொல்லி முடித்தபின் தலை குனிந்துகொண்டான்.

அவள் தோட்டத்தையும் கண்டோம். வாழைகள் வெட்டுண்டு கிடந்தன. வாத்துகள் தலை முக்கத் தோண்டியிருந்த குட்டையில் மண் கொட்டப்பட்டிருந்தது. நரியும் கீரியும் நுழையாதபடி அவள் மூங்கிலால் நெருக்கிப் பின்னிய இரவுக்கூண்டைத் தங்கள் ஆட்கள் விறகாக்கியிருந்தார்கள்.

வாத்துகள் தங்கள் மடைப்பள்ளிக் கொட்டிலில் இருந்தன. இரண்டுக்கும் பட்டு இன்னும் அலகிலேயே இருந்தது. தீனி வைக்கும்போது தளர்த்துவதாகவும், அதிலொரு பேடு முட்டையிடாதது ஆகையால் தூதர் விருந்துக்கு முதலில் அதுதான் என்றும் அங்கே சமைக்கும் மடையர் சொன்னார். யாம் பட்டை அவிழ்த்தோம். ஒன்று கொட்டில் அதிரக் கத்தியது. முட்டையிடாதது மெல்லக் கரகரத்தது. அதன் அலகு மஞ்சள். மடையர் கையிலிருந்த தவிட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, “இதைத்தானே நாளைக்குன்னு வச்சிருந்தேன்” என்றார்.

கண்காணி சேந்தனாரை அழைத்து வினவியபோது, வழக்கத்தை மாற்றும் அதிகாரம் தமக்கு இல்லை என்று பணிவுடன் தெரிவித்தார். அது உண்மையே. அவர் மேல் எமக்குச் சினமில்லை. சினம் கொள்ளும் வலுவும் இல்லை. ஒரு பெரும்போரை நிறுத்திய உடன்படிக்கை, அவுரிச் சாயத்தின் மேல் நின்றுகொண்டிருப்பதைக் கண்ட களைப்பே மிகுதி.

ஆகவே ஆணை. சாத்தியின் மேலிட்ட தீர்ப்பு நீக்கப்படுகிறது. தோட்டம் அவளுடையது, வரியின்றி, முன்போலவே. சேவலும் பேடும் இன்றே அவள் கைக்குச் சேர்க. குட்டையைத் தங்கள் ஆட்களே தோண்டுக. கூண்டை அவள் சொல்லும் வகையில் கட்டுக. வெறுந்தவிடு போதாது. நத்தையும் புழுவும் பொறுக்க அவற்றைத் தோட்டத்தில் திறந்து விடுக. பிற இனச் சேவலை அருகில் விடற்க. சாயம் பூசிய குடிகளுக்குத் தண்டமில்லை. உள்ளதைக் காட்டினால் நம்பமாட்டோம் என்று அவர்கள் நினைத்தார்கள். சாத்தியை நாம் நடத்தியதைப் பார்த்தால், அவர்கள் நினைத்தது சரி. ஆயினும் சாயத்தைக் கழுவிவிடுக.

தூதர் வந்ததும் அவரை முதலில் சாத்தியின் தோட்டத்துக்கே அழைத்துச் செல்க. பழுப்பாய் நிற்கும் சேவலை அப்படியே காட்டுக. அவர் நாட்டு வாத்தும் இறகு உதிர்ப்பதே. அவர் அறிவார். அறியாவிடில் கேட்டறியட்டும். இனி பட்டங்கள் படிக்கப்படும்போது வாத்து கத்தினால், படிப்பவர் சற்று நிறுத்தி, அது ஓய்ந்தபின் தொடர்க.

வெட்டிய வாழை ஆணையால் முளைக்காது. சேவலின் பச்சையும் அதன் பருவத்தில்தான் வரும். நாம் சொன்னவுடன் நடக்கக்கூடியது ஒன்றே, வாய்ப்பட்டை அவிழ்ப்பது. கரையிலுள்ள எல்லா வீட்டு வாத்துகளுக்கும், இவ்வோலையைச் சுருட்டி வைக்குமுன் அதைச் செய்க.

குவளை இலச்சினை இட்டோம். ஓலை கொண்டுவருபவள் சாத்தியே. அவளை நிற்க வைக்காமல் படிக்க.