நூறு மணி நேரம்

மார்ச் 3, திங்கள்
காலை ஒன்பதுக்குப் புதிய பட்டையைச் சட்டத்தில் தொங்கவிட்டேன். பளு தூக்கும் பட்டை, அறுபது மில்லிமீட்டர் அகலம். விதிப்படி ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டர் வெட்டு, கீழே எடை. நூறு மணி நேரம் அறாமல் நின்றால் நான் கையெழுத்திட வேண்டும், சரக்கு வெளியே போகும்.

அத்தான் வந்து எட்டிப் பார்த்தார். அக்காவின் கணவர், இங்கே உற்பத்தி மேலாளர், வேலை வாங்கித் தந்த வள்ளல். "தொங்குறத வேடிக்கை பாக்குறதுக்கு ஒரு ஆளு" என்றார், எல்லார் முன்னாலும். பல்லைக் கடித்துக்கொண்டேன். இனி தினமும் இருவேளை, வெட்டு எவ்வளவு நீள்கிறது என்று லென்ஸ் வைத்து அளந்து எழுதுவேன். அப்புறம் பேசட்டும்.

மார்ச் 4
மாலையில் கிழிசல் 7 மில்லிமீட்டர். காலையும் மாலையும் அளந்தாயிற்று, போதுமா?

மார்ச் 5
இன்று பத்தரை மணிக்கு ஒரேயடியாக 9 மில்லிமீட்டருக்குத் தாவியது. பிறகு மாலை வரை அசையவில்லை. இதன் குணமே இதுதான். ஒரு நார் அறும், அதன் சுமையைப் பக்கத்து நார் தலையில் வாங்கிக்கொள்ளும், அதுவும் ஒருநாள் சோர்ந்துபோகும். எப்போது என்று சொல்ல முடியாது. ஓர் அளவைத் தாண்டினால் கண்மூடித் திறப்பதற்குள் முழுதும் போய்விடும்.

அத்தானுக்கு இதை விளக்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மார்ச் 6
என் குறிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாலை அளவு 7 என்றால் மறுநாள் காலையும் 7. மாலை 9 என்றால் காலையும் 9. இரவில் மட்டும் ஏன் ஒரு நார்கூட அறுவதில்லை? கிழிசலுக்கு ஆபீஸ் நேரம் உண்டா என்ன?

மார்ச் 7
ஆறு மணிக்கே போனேன். எடையைத் தாங்கியபடி அடியில் ஜாக்கி. பட்டை தொய்ந்து தொங்குகிறது, சுகமாக!

காவலாளி பயந்துவிட்டார். "மேனேஜர் சார் சொன்னதும்மா. நாலு வருசமா சாயங்காலம் ஏத்திருவேன், நீங்க வர்றதுக்குள்ள இறக்கிருவேன்."

அத்தானிடம் கத்தினேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "ராத்திரி எடை விழுந்து தரை பேந்தா யாரு பொறுப்பு? கையெழுத்து உன்னோடது, ஞாபகம் வச்சுக்கோ."

கணக்குப் போட்டேன். நூறு மணி என்று நான் எழுதியதில் பட்டை சுமந்தது நாற்பதுதான். நாலு வருஷம். எருமை மாதிரி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள் சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா, சனியனே? இன்று கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 10
ஜாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம். அதே நூலில் நெய்த வேறு பட்டை, அதே வெட்டு. ஒன்பது மணிக்குத் தொங்கவிட்டேன்.

மார்ச் 12
காலையில் எடை தரையில் கிடந்தது. எடை விழுந்தால் நின்றுவிடும் சட்டத்துக் கடிகாரம் காட்டியது: நாற்பத்து மூன்று மணி நேரம்.

தரை பெயரவில்லை.

அறுந்த பட்டையையும், நான் கையெழுத்திட்ட எழுபத்தோரு சரக்குகளின் பட்டியலையும் முதலாளி மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் திரும்ப வரவழைக்கச் சொன்னேன்.

மார்ச் 13
அக்கா போன். "அவரு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி. ஒரு உசுராவது போச்சா? சொல்லு, போச்சா?"
தெரியாது என்றேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 24, திங்கள்
அத்தான் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். திரும்பி வரும் பட்டைகளைப் பிரித்து எண்ண வேண்டும்.

இன்று முதல் லாரி. மூன்றாவது மூட்டையில் ஒன்று, உராய்ந்த ஓரத்திலிருந்து நாற்பத்தேழு மில்லிமீட்டர் கிழிந்திருந்தது. மிச்சம் பதின்மூன்று. அதில் தைத்திருந்த சீட்டில் என் கையெழுத்து.

லாரியோடு வந்த, அதை வாங்கிய கம்பெனி ஆளிடம் இதை எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இதுலதான் தூக்குனோம்."

"கீழ யாராவது நின்னாங்களா?"

"நாந்தான்" என்றார். ரசீதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.