இருபது சீசா

முருகன் துணை

கொக்கராயன்பாளையம்
20-1-1972

அன்புள்ள அண்ணாவுக்கு மயிலாத்தாள் கும்பிட்டு எழுதுவது.

பொங்கல் சீர் வந்து சேர்ந்தது. சேலை அண்ணி எடுத்ததா, நீங்கள் எடுத்ததா? நீங்கள் என்றால் இனிமேல் ஜவுளிக்கடைப் பக்கமே போக வேண்டாம். சாரதாமணிக்குப் பாவாடை அளவெடுத்த மாதிரி இருக்கிறது. "மாமாவுக்குத்தாம்மா என்ற அளவு தெரியுது" என்று இரண்டு நாளாகக் கழற்றாமல் திரிகிறாள்.

குளத்து விஷயம் ஒன்று எழுத வேண்டும். ஆற்று வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் ஒரு முழ உயரம் நுரை நிற்கிறது. மார்கழியில் மீனெல்லாம் செத்து மிதந்தது. மாடு வாயை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. துறையில் குளித்து வந்தால் சாரதாமணி இராத்திரி முழுக்கச் சொறிகிறாள். "இன்னொரு கோடை இப்படியே போச்சுன்னா மாட்டை வித்துப்போட்டு உடுமலைப் பக்கம் போயிர வேண்டியதுதான்" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. இந்தக் குளத்தை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஊரே சேர்ந்து கலெக்டருக்கு மனுப் போட்டோம். கிட்டுசாமி என்று சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். அமாவாசைக்கு அமாவாசை கரையில் நாலு இடத்தில் தண்ணீர் பிடித்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமாம். ஒத்துப் பார்க்க, மேட்டுத் தோட்டத்துக் கிணற்று நல்ல தண்ணீர் ஒரு சீசா. தண்ணீர் கெட்டது என்று ருசுவானால், திருப்பூர்ச் சலவைப்பட்டறைகள் கழிவைத் தெளியவைத்துத்தான் ஆற்றில் விட வேண்டும் என்று உத்தரவு வருமாம். ஐந்தாவது வரை படித்த பாவத்துக்கு அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சீசாவின் மேல் பிடித்தவர் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். வெறும் மயிலாத்தாள் என்றால் யாருக்குத் தெரியும்? மாதிரிக்குப் பிடித்த சீசாவில் "மயிலாத்தாள், திருப்பூர் சலவைப்பட்டறை தண்டாயுதபாணி தங்கை" என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "ஏனுங்கம்மா, அவிய பட்டறைத் தண்ணியுந்தானுங்களே இதுல வருது!" என்றார். முப்பது பட்டறையில் அண்ணனுடையது ஒன்று, உத்தரவு வந்தால் முதலில் தொட்டி கட்டுவது என் அண்ணன்தான் என்று சொன்னேன். நான் சொன்னது சரிதானே?

நாலு மாசத்துக்கு இருபது சீசா வேண்டும். இங்கே கிடைப்பதெல்லாம் கஷாய நாற்றம். பார்த்து அனுப்புங்கள்.

தங்கள் அன்புத் தங்கை
மயிலாத்தாள்

*

திருப்பூர்
4-2-1972

அம்மிணி மயிலாத்தாளுக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

சேலை நான் எடுத்ததுதான். உன் அண்ணி அந்த வரியை மட்டும் நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

இத்தனை வருஷம் பனியன் துணி வெளுத்தும் என் பெயர் சென்னைக்குப் போனதில்லை. நீ சீசாவில் ஒட்டி அனுப்பிவிட்டாய். பட்டறைக்காரர்கள் கூட்டத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நம் ஆள் மணியனிடம் இருபது சீசா கொடுத்து அனுப்புகிறேன். நம் பட்டறையிலேயே என் கையால் கழுவிக் காயவைத்தது. நீ மறுபடி கழுவாதே. குளத்துத் தண்ணீரை விட்டுக் கழுவினால் அழுக்குத்தான் ஒட்டும். அப்படியே பிடித்து மூடிவிடு.

மாப்பிள்ளையை அவசரப்பட்டு மாட்டை விற்க வேண்டாம் என்று சொல். சாரதாமணி பெரியவளாகட்டும், மாமன் சீரைப் பார்த்து உங்கள் ஊரே வாயைப் பிளக்க வேண்டும்.

உன் அண்ணன்
தண்டாயுதபாணி

*

கொக்கராயன்பாளையம்
11-6-1972

அண்ணா,

இந்தக் கடிதத்தை அண்ணியிடம் காட்ட வேண்டாம்.

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. இருபது சீசாவிலும் துணி வெளுக்கிற சலவைத்தூள் இருக்கிறதாம். மேட்டுத் தோட்டத்துக் கிணற்றுச் சீசாவிலும் அதே அளவு. அதனால் கோளாறு தண்ணீரில் இல்லை, சீசாவில்தான், பரிசோதனை செல்லாது என்று எழுதிவிட்டார்கள். மனு தள்ளுபடி. வாயில்லாத குளம், அதற்காகப் பேசிய ஒரே சாட்சியும் போச்சு.

அன்றைக்கே ஊர் கூடியது. வடக்காலத் தோட்டத்துச் சுப்பண்ணன் எழுந்து, "இது அண்ணனுக்குத் தங்கச்சி செஞ்ச சீருங்க! அடுத்த வருசம் அவியளுக்குப் பவுன்ல வரும் பாருங்க" என்றார். உங்கள் மாப்பிள்ளை துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அதை என்னால் பார்க்க முடியவில்லை, அண்ணா.

சாரதாமணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கருப்பண்ணன் கோயிலுக்குப் போனேன். ஊரும் பின்னாலேயே வந்தது. அவள் தலையில் கையை வைத்து, "என்ற அண்ணனுக்கு இதுல ஒண்ணுந் தெரியாது. தெரிஞ்சு செஞ்சிருந்தா என்ற மக தலையில விடியட்டும்" என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். அதற்கப்புறம்தான் ஊர் கலைந்தது.

ஆட்கள் யாரோ கழுவாமல் பெட்டியில் வைத்திருப்பார்கள். "என் கையால்" என்று நீங்கள் எழுதியது பாசத்தில் எழுதியது, எனக்குத் தெரியாதா? ஆள் செய்த தப்பு என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஊரில் காட்டிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்பேன்.

தங்கள் தங்கை
மயிலாத்தாள்

*

திருப்பூர்
19-6-1972

மயிலாத்தா,

யாரைக் கேட்டுக் குழந்தை தலையில் கையை வைத்தாய்?

நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கேட்ட வரியை எழுதி, கவரில் போட்டு, ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

ஆள் தப்பு இல்லை, அம்மிணி. சலவைத்தூளைக் கெட்டியாகக் கரைத்து, ஒவ்வொரு சீசாவிலும் ஊற்றிக் குலுக்கி, நிழலில் காயவைத்தவன் நான்தான். என் கையால் என்று எழுதினேனே, அது ஒன்றுதான் அந்தக் கடிதத்தில் நிஜம். கூட்டத்தில் சிரித்தார்கள் என்று எழுதியதும் பொய். ஒருத்தரும் சிரிக்கவில்லை. "உன்ற தங்கச்சிதானப்பா" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வருஷம் தள்ளிப்போனால் போதும் என்று நினைத்தேன். உன்மேல் பழி வரும் என்று நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். அண்ணனுக்காகப் பொறுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

பூசாரியிடம் சொல்லி ரகசியமாக ஒரு கிடா வெட்டு. சத்தியத்தைக் குழந்தை தலையிலிருந்து இறக்கு. உனக்குப் புண்ணியமாகப் போகும், என் தலையில் வைத்துவிடு.

தண்டாயுதபாணி

*

கொக்கராயன்பாளையம்
1-7-1972

அண்ணாவுக்கு,

சாரதாமணி ஆனி 14, புதன்கிழமை பெரியவளானாள். உங்கள் கடிதம் வந்த நாலாம் நாள்.

உள்ளேயிருந்து "அம்மா" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பயம். சத்தியம்தான் பலித்துவிட்டதோ என்று நினைத்தேன். குலவை போட வேண்டிய நேரத்தில் என்னைப் பயப்பட வைத்துவிட்டீர்களே!

உங்கள் கடிதத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. அவருக்கும் காட்டவில்லை. கிடா வெட்டினால் போகிற பொய்யா அது? ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னால்தான் எடுக்க வேண்டும்.

ஆனி 30, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் சீர். பட்டு வேண்டாம், தட்டு வேண்டாம். வெறும் கையோடு வாருங்கள். எனக்கு எழுதியதைக் கருப்பண்ணன் முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து மருமகளுக்கு மாலை போடுங்கள். ஊர் ஏசும், ஏசட்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் கல்யாணத்தில் இணைச்சீரின்போது கூறைச்சேலையின் ஒரு முனையை உங்கள் கையிலும் மறுமுனையை என் கையிலும் கொடுத்தார்களே, என் முனையை நான் இன்னும் விடவில்லை.

வாருங்கள், அண்ணா. உங்களுக்குப் பிடித்த கச்சாயம் சுட்டு வைக்கிறேன்.

தங்கள் தங்கை
மயிலாத்தாள்

*

திருப்பூர்
13-7-1972

அன்புத் தங்கைக்கு,

மணியன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பதினோரு தட்டு எல்லாம் சரி பார்த்து வாங்கிக்கொள்.

வரத்தான் இருந்தேன். சட்டைகூட எடுத்து வைத்துவிட்டேன். நான் அங்கே வாயைத் திறந்தால் இங்கே முப்பது பட்டறைக்கும் பூட்டு. உன் அண்ணி காலில் விழுந்து அழுகிறாள்.

அண்ணனுக்குக் காய்ச்சல் என்று சபையில் சொல்லிவிடு. இந்த ஒரு பொய் மட்டும், அம்மிணி.

தண்டாயுதபாணி

*

கொக்கராயன்பாளையம்
10-8-1972

திருப்பூர் தண்டாயுதபாணி அவர்களுக்கு,

ஒரு மாசமாகக் கை வரவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குப் பத்து மணி வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டிச் சத்தம் கேட்டதும் நான்தான் முதலில் ஓடினேன். மணியன் மட்டும் இறங்கினான். கடிதத்தைப் பந்தக்கால் பக்கத்தில் நின்று படித்தேன். "எங்கம்மிணி மாமன்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். காய்ச்சல் என்று சொல்ல வாய் வரவில்லை.

சாரதாமணியை வீட்டுக்குள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, தலையோடு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு கோயிலுக்குப் போனேன். "நான் பண்ணுனது பொய்ச் சத்தியமுங்க, சாமி. என்ற அண்ணன் தெரிஞ்சேதான் செஞ்சாரு. நாந்தான் தெரியாம சொல்லிப்போட்டேன். என்ற கொழந்தைய விட்டுருங்க" என்று கத்தினேன். உங்கள் கடிதங்களை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார், அத்தனை பேருக்கு முன்னால்.

சுப்பண்ணன்தான் கிட்டே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "நேரம் போவுதம்மிணி. மாமனா நான் நிக்கறன்" என்றார். அவர்தான் மாலை போட்டார். அவள் தலைக்கு ஊற்ற நல்ல தண்ணீரும் அவர் வண்டியில்தான் மேட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது.

பதினோரு தட்டும் அப்படியே திரும்பி வந்திருக்கும். மணியனுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினேன். கச்சாயத்தை அவனிடம் கொடுத்துவிடவில்லை. கொடுக்கத்தான் எடுத்தேன்.

உங்கள் கடிதங்களை இன்ஸ்பெக்டர் வாங்கிக்கொண்டார். மறுபடி பரிசோதனைக்கு எழுதிப் போட்டு, சீசாவும் அவரே கொண்டுவந்தார். நேற்று ஆடி அமாவாசை. ஒவ்வொன்றையும் மூன்று தரம் அலசித்தான் பிடித்தேன். பெயர் எழுதும்போது பழக்கத்தில் கை "திருப்பூர்" என்று எழுதிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டு, "மயிலாத்தாள், கொக்கராயன்பாளையம்" என்று எழுதினேன். "இது போதுமுங்களாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். போதும் என்றேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட பொய்யைச் சபையில் சொல்லவில்லை. சாரதாமணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். ஊரில் யாராவது ஒரு நாள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நேற்று கரையேறி வரும்போது கேட்டாள். "மாமாவுக்குக் காய்ச்சல் இன்னும் உடலீங்களாம்மா?"

"இன்னும் உடலை, கண்ணு" என்றேன்.

மயிலாத்தாள்